பயிற்சியில் உள்ளார்

பிப்ரவரி 3, திங்கள்

திருச்சிக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது பயிற்சி நிலையம். காலை ஏழே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு தோள்பை, ஒரு பேனா, கெட்டி அட்டை போட்ட இந்த நோட்டு, இவை மூன்றையும் கொடுத்தார்கள். தினமும் கற்றுக்கொண்டதை நோட்டில் எழுதிக் கடைசி நாள் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைக்க வேறொரு நோட்டு வாங்கிக்கொள்வேன். இது எனக்கு இருக்கட்டும்.

மொத்தம் இருபத்தெட்டுப் பேர். பல துறைகளின் உள்தணிக்கை ஆட்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயர், துறை, ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் என்று சொல்லச் சொன்னார்கள். பதினெட்டு, இருபத்திரண்டு, பதினொன்று என்று வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து, "அருமைநாயகம். மாணவர் விடுதி நடத்துற துறை. கண்காணிப்பாளர். நாலு மாசம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பெடுக்கும் பூங்கோதை மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மே 31 அன்று எனக்கு அறுபது முடிகிறது. நிதி மேலாண்மையும் உள்தணிக்கையும் ஆறு வாரம் தங்கிப் படிக்க என்னை எதற்கு அனுப்ப வேண்டும்? போன புதன்கிழமை மாவட்ட அலுவலர் குணசீலன் தன் அறைக்குக் கூப்பிட்டு ஆணையைக் கையில் கொடுத்தார். "போய்ட்டு வாங்க அண்ணாச்சி. நல்ல சாப்பாடு, ஏசி வகுப்பு" என்றார். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் மேலதிகாரி கையால் நான் ஆணை வாங்கியது இதுதான் முதல் முறை. வழக்கமாகத் தபால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைநிலை ஊழியர்தான் கொடுப்பார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அறைத் தோழர் பெயர் ஏகாம்பரம். வடக்கே செய்யாறு பக்கம். நாற்பத்தைந்து வயது. வேறு துறை. நான் பேசும்போது என் முகத்தையே பார்க்கிறார். கண் இமைப்பதில்லை.

பிப்ரவரி 5, புதன்

காலை உணவின்போது ஏகாம்பரம் கேட்டார்: "உங்க துறையிலதான சார் அந்தக் கட்டில் விஷயம்? பேப்பர்ல வந்துதே."

வந்தது, போன ஜூலையில். மேலப்பாறைக்குளம் மாணவியர் விடுதியில் தரையில் படுத்திருந்த பிள்ளை ஒன்றைப் பாம்பு கடித்துவிட்டது. எட்டாம் வகுப்பு. பிழைத்துக்கொண்டாள். வலது காலைத்தான் இன்னும் சரியாக ஊன்ற முடியவில்லை என்று கேள்வி. பிள்ளை ஏன் தரையில் படுத்தாள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபிறகுதான், அறுபது இரும்புக் கட்டில் வாங்கியதாகக் கணக்கு இருப்பதும், விடுதியில் ஒரு கட்டில்கூட இல்லை என்பதும் வெளியே வந்தது. காப்பாளர் பேச்சித்தாய் கட்டில்களை விற்றுவிட்டார் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். கட்டில் வந்து இறங்கவே இல்லை என்பது அந்த அம்மா சொல்வது.

இறங்கியது என்பதற்கு என் தணிக்கை அறிக்கை இருக்கிறது. அதற்கு முந்தைய நவம்பர் 21 தேதியிட்டது. அறுபது கட்டில்களையும் நேரில் எண்ணிச் சரிபார்த்தேன். அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

ஏகாம்பரத்திடம், "எனக்கு அவ்வளவா தெரியாது சார்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்குத் தெரியாது என்பதை எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்?

பிப்ரவரி 7, வெள்ளி

மதியம் துணி துவைத்தேன். மனைவி லில்லி புஷ்பத்துக்கு போன் செய்து, இரத்த அழுத்த மாத்திரையை எந்தப் பையில் வைத்தாள் என்று கேட்டேன். வைத்த இடத்தைச் சொல்லிவிட்டு, "குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று செய்முறை வகுப்பு. ஏழு குழுவாகப் பிரித்தார்கள். நிலையத்தின் இருப்புப் பதிவேட்டில் கருத்தரங்கக் கூடத்து நாற்காலி எண்பத்து நான்கு என்று இருக்கிறது. போய்ச் சரிபார்த்து வந்து எழுதுங்கள் என்றார் பூங்கோதை மேடம். அரை மணி நேரம் கொடுத்தார்.

எங்கள் குழுவில் இருந்த இரண்டு இளைஞர்கள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சார் இருக்கும், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார்கள். நான் விடவில்லை. மூன்று முறை எண்ணினேன். மேடைக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தவற்றையும் பிரித்துப் பார்த்தேன். எழுபத்தொன்பது. ஐந்து குறைந்தது.

திரும்பிப் போனால், மற்ற ஆறு குழுக்களும் எண்பத்து நான்கு என்று எழுதிக் கொடுத்திருந்தன. ஐந்து நாற்காலிகளை நேற்றே எடுத்து அடுக்களைப் பக்கம் வைக்கச் சொன்னது மேடம்தான்.

"அருமைநாயகம் சார் மட்டும்தான் நெஜமா எண்ணியிருக்காரு" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "'நேரில் பார்த்தேன்'னு நீங்க எழுதுறது உங்களுக்கு ஒரு வரி. அதை நம்பி இன்னொருத்தர் தலையே போகலாம்" என்றார்.

அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாரா, என் பின்னால் இருந்தவரைப் பார்த்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதற்காக என் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டார்? மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

துல்லியமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. நவம்பர் 21 அன்று நல்ல மழை. விடுதிக்குப் போனேன். கட்டில்கள் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அப்படி அடுக்கியதை ஒவ்வொன்றாக எண்ணியிருக்க முடியாது. மொத்தமாகப் பார்த்து எழுதியிருப்பேன். எல்லாத் தணிக்கையாளரும் செய்வதுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

அலுவலகத்திலிருந்து ஜலீல் பேசினான். என் பிரிவில் உதவியாளன். பத்து வருடமாக என்னோடு இருக்கிறான். டீக்கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னான். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"சார், பேச்சித்தாய் விசாரணைக்கு உங்கள சாட்சியா வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு. நேத்து பதிமூணாம் தேதிக்கு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"அலுவலரே பதில் போட்டுட்டாரு. 'பயிற்சியில் உள்ளார்'னு. நம்ம ஃபைலையும் அவர் ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க சார்."

இப்போது புரிகிறது. விசாரணைக்குக் கூப்பிட்டும் நான் வரவில்லை என்று தாளில் ஏற்றுகிறார்கள். இன்னும் இரண்டு முறை இப்படிச் செய்தால், 'தணிக்கையாளர் தட்டிக்கழிக்கிறார், அவருக்கும் பங்கு உண்டு' என்று எழுதிவிடலாம். ஓய்வுபெறும் நேரத்தில் என் தலையில் கட்டிவிட்டுக் குணசீலன் கையைக் கழுவிக்கொள்வார். அதற்குத்தான் கையில் கொடுத்த ஆணை.

பிப்ரவரி 17, திங்கள்

அரசு வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் முறை. மூன்று மணி நேரம். குறிப்பெடுத்தேன், ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஏகாம்பரம் போன் வந்தால் உடனே அறையை விட்டு வெளியே போய்விடுகிறார். தோட்டத்தின் கோடியில், வேப்பமரத்தடியில் நின்று பேசுகிறார். வகுப்பில் எப்போதும் எனக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். நான் பேசினால் எழுதுகிறார். இன்று என்னிடம், "நவம்பர்ல உங்க ஊர்ப் பக்கம் மழை எப்படி சார்?" என்று கேட்டார்.

விஜிலன்ஸ் ஆளாக இருக்கலாம். பயிற்சி என்ற பெயரில் ஆளை வைத்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுதிப் பார்த்தால் தெளிவு வரும். நவம்பர் 21 அன்று ஆலடி முக்கு வரைதான் போனேன். அங்கிருந்து விடுதிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். தரைப்பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குணசீலன் போன் செய்து, "கட்டில் எல்லாம் இறங்கிட்டு அண்ணாச்சி, மழையில எதுக்கு அலையுதீங்க, கையெழுத்தப் போட்டுருங்க" என்றார். மேலதிகாரி சொன்னதை நம்பினேன். ஒரு பைசா யாரிடமும் வாங்கவில்லை. இது கடவுளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 28, வெள்ளி

மறுபடியும் ஜலீல். நேற்று இரண்டாவது அமர்வு. மறுபடியும் 'பயிற்சியில் உள்ளார்'. இந்த முறை கூடுதலாக ஒரு வரி இருந்ததாம். தட்டச்சு செய்தவனே அவன்தான். போனில் மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:

'மேற்படி தணிக்கை அறிக்கையே போதிய ஆவணச் சான்றாக உள்ளதால், தணிக்கையாளரை நேரில் விசாரிக்கத் தேவையில்லை எனக் கருதப்படுகிறது.'

பலமுறை படித்தேன். என்னைச் சிக்கவைக்க நினைப்பவர் என்னை விசாரிக்கத் தேவையில்லை என்று ஏன் எழுத வேண்டும்? இதில் இன்னும் ஆழமாக ஏதோ இருக்கிறது.

"பேச்சித்தாய் வந்திருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்திருந்தாங்க சார். அறிக்கை எழுதுனவரக் கூப்பிடுங்க, அவரு என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும்னு ரெண்டு தடவ கேட்டாங்களாம்."

மார்ச் 7, வெள்ளி

அடுத்த வாரத்தோடு பயிற்சி முடிகிறது. ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். அதற்குள் நிலைய அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். என்னை மட்டும் மார்ச் 17 முதல் 28 வரை நடக்கும் மேல்நிலைப் பயிற்சிக்கும் துறை பரிந்துரைத்திருக்கிறது. பூங்கோதை மேடம் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மே மாசம் ரிட்டயர் ஆகுறவர இதுக்கும் அனுப்புறாங்களா சார்? ரெண்டு வருஷத்துக்குக் கம்மியா சர்வீஸ் இருக்கிறவங்கள எடுக்கக்கூடாதுன்னு சுற்றறிக்கையே இருக்கு. முதல் நாளே பட்டியல்ல குறிச்சு வச்சேன். உங்க டிபார்ட்மென்ட்ல சிறப்பு அனுமதி வாங்கியிருக்காங்க."

முதல் நாள் அவர் குறித்தது அதைத்தான்.

கடைசி அமர்வு மார்ச் 20. ஜலீல் சொன்னான்.

மார்ச் 9, ஞாயிறு

குணசீலன் வந்திருந்தார். சென்னைக்குப் போகும் வழியாம். ஒரு கூடை மாதுளம்பழம். பார்வையாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். லில்லியின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்றுகூட விசாரித்தார். எனக்குப் பொறுமை இல்லை.

"சார், என்னை எதுக்கு இங்க போட்டு வச்சிருக்கீங்க? விசாரணைக்கு நான் வரலைன்னு எழுதி என்னை மாட்டிவிடத்தானே?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். பிறகு சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படி நெனச்சுட்டீங்க. உங்கள மாட்டிவிட்டா அடுத்த நிமிஷம் நான்லா மாட்டுவேன். நீங்க போயி உக்காந்தா அந்த அம்மா குறுக்கு விசாரணை பண்ணும். எந்த ரூம்ல இருந்துச்சு, என்ன கலரு, பச்சையா நீலமான்னு கேக்கும். நீங்க தடுமாறுவீங்க. எதுக்கு? அறிக்கை பேசட்டும். இருபதாம் தேதியோட ஃபைல் முடிஞ்சிரும். மே முப்பத்தொண்ணு மாலை போட்டு உங்கள வீட்டுக்கு அனுப்புறது என் பொறுப்பு."

"அந்த அம்மா?"

"அது விதி" என்றார். கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். அவர் கார் வாசலைத் தாண்டியதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நான்கு வாரத்துக்குப் பிறகு மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

ஐந்து வாரமாக எனக்கு எதிராகச் சதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சதி இருந்தது உண்மை. அது என்னைக் காப்பாற்றுவதற்கு. இந்தப் படிப்பு, இந்தச் சாப்பாடு, இந்த ஏசி எல்லாம் ஒரு பெண்ணை வேலையை விட்டுத் துரத்தும் வரை என்னைப் பத்திரமாக ஒளித்துவைக்க.

மார்ச் 12, புதன்

பெரிய தப்பு செய்துவிட்டேன். ஏகாம்பரம் குளிக்கப் போயிருந்தபோது அவர் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் பாடம். கூடவே சின்னச் சின்ன வரிகள்: 'அருமைநாயகம் சார் — "கா..." எதோ சொன்னார், காய்ச்சலா காப்பியா? கேட்கணும்.' 'மேடம் திரும்பி நின்று பேசியது விட்டுப்போச்சு.' 'சார் "நவம்பர்ல ம..." என்றது மழையா மழலையா? தெரிஞ்சுக்க மழை பத்தி கேட்டேன்.'

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து என்னைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வலது காது சுத்தமா போச்சு சார். இடதுல பாதிதான் கேக்குது. ரெண்டு வருஷமா. ஆபீஸ்ல தெரிஞ்சா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவாங்க, புரமோஷன் போயிடும். அதான் உதட்டப் பாத்துப் பாத்துப் புரிஞ்சிக்கிறேன். போன்ல பேசினா கத்திப் பேச வேண்டியிருக்கு, அதான் மரத்தடிக்குப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். என் கையில் அவர் குறிப்பேடு. அதை அவரிடம் கொடுத்துவிட்டு, "உங்கள விஜிலன்ஸ்னு நெனச்சேன்" என்றேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அய்யோ, உங்களுக்கு எதுக்கு சார் விஜிலன்ஸ் பயம்?"

அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். மெதுவாக, உதடு தெரியும்படி. கட்டிலை நான் பார்க்கவில்லை என்று. ஆலடி முக்கில் மழைக்கு நின்றுவிட்டேன் என்று. அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 14, வெள்ளி

முதல் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். ஏகாம்பரம் அவர் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, "போன் வேணாம், மெசேஜ் போடுங்க" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

லில்லியிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். இருபதாம் தேதி போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், சொன்னால் பென்ஷன் நின்றுபோகலாம், மகள் மெலிண்டா வீட்டுக் கடனை நாம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் யோசி என்றேன். வழி முழுக்க மழை பெய்ததையும், தரைப்பாலத்தையும், குணசீலன் போன் செய்ததையும் சொன்னேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "அன்னைக்கு எங்க மழை பெஞ்சிது?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"மொட்டை மாடியில நான் மல்லி காயப் போட்டிருந்தேன். நீங்க வீட்ட விட்டே கெளம்பல. சட்டைய மாட்டுனீங்க, போன் வந்துச்சு, சட்டையக் கழத்திட்டு முன்ரூம்ல உக்காந்து எழுதுனீங்க. மத்தியானம் நெத்திலிக் கொழம்பு வச்சேன். சாப்ட்டுட்டுப் படுத்துட்டீங்க. நாலு மணிக்கு நான் வந்து எழுப்பினேன்."

"உனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கா?"

"பாம்பு கடிச்சதப் பேப்பர்ல பாத்தன்னைக்கே ஞாபகம் வந்துட்டு. நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன்."

எட்டு மாதமாக இருந்திருக்கிறாள்.

"நான் என்ன செய்யட்டும் லில்லி?"

"என்னக் கேட்டா பென்ஷன் வேணும்னுதான் சொல்லுவேன். எனக்குப் பயமா இருக்கு. அதனால என்னக் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டாள்.

மழை இல்லை. வெயில். இதை எழுத எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

மார்ச் 19, புதன்

பூங்கோதை மேடத்திடம் ஒருநாள் விடுப்புக் கேட்டேன். துறையின் கடிதம் இல்லாமல் தர முடியாது என்றார். மீறிப் போனால் அறிக்கை அனுப்ப வேண்டிவரும். பிறகு குரலைத் தாழ்த்தி, "காய்ச்சல்னு எழுதுங்க சார். நம்ம டாக்டரே சர்டிபிகேட் கொடுத்துடுவாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இல்லாத காய்ச்சல நான் எழுத முடியாது மேடம்."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

'20.03 அன்று நடைபெறும் துறை விசாரணையில், எனது தணிக்கை அறிக்கை பொய்யானது என்று சாட்சியம் அளிக்கச் செல்ல வேண்டியுள்ளதால்' என்று எழுதி நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இத நான் மேல அனுப்பியாகணும்."

"அனுப்புங்க."

"அந்த எழுபத்தொன்பது நாற்காலி..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டுத் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.

மதியப் பேருந்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பத்தரைக்கு விசாரணை. பத்துக்கே போய் வராந்தாவில் நின்றேன். குணசீலன் படியேறி வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க பயிற்சியில இருக்கீங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தெரியும் சார். வந்துட்டேன்."

"நல்லா யோசிச்சுக்கோங்க. உங்க கூட நானும் இருப்பேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல சார்."

பேச்சித்தாய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் காகிதங்கள். இதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. அங்கே போயிருந்தால் பார்த்திருப்பேன்.

விசாரணை அலுவலர் வேறு மாவட்டத்துக்காரர். என்னை எதிர்பார்க்காததால் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அறிக்கையை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"அறுபது கட்டிலையும் நேரில் பாத்தீங்களா?"

"ஒண்ணுகூடப் பாக்கல. நான் அங்க போகவே இல்ல."

எழுதிக்கொண்டிருந்த சுருக்கெழுத்தர் நிமிர்ந்தார்.

"ஏன் போகல? உடம்பு சரியில்லையா? மழையா?"

அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அப்படியே பதிவாகியிருக்கும்.

"ரெண்டும் இல்ல சார். கட்டில் இறங்கிட்டு, கையெழுத்தப் போடுங்கன்னு மாவட்ட அலுவலர் போன்ல சொன்னாரு. போக வேண்டாம்னதும் எனக்கு சௌகரியமா இருந்துச்சு. வீட்டுலயே உக்காந்து எழுதிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிட்டேன்."

அதைச் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே பேச்சித்தாய் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சார், எங்க வீட்டுக்காரர்கூட என்னை நம்பல" என்றார். "ஆடிட்டரு எண்ணிப் பாத்தேன்னு எழுதியிருக்காரே, அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு கேட்டாரு. வித்த காச எங்க வச்சிருக்கன்னு கேட்டாரு. எட்டு மாசமா அதே கேள்வி."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உள்ள சொன்னத எனக்கு ஒரு தாள்ல எழுதித் தாங்க. ஆபீஸ்க்கு இல்ல. அவருக்குக் காட்டணும்."

துணிப்பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மடித்து, பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

எனக்கு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை; பெரிய தண்டனைக்கான பிரிவு. நான்கு குற்றச்சாட்டு. நான்காவது, அனுமதியின்றிப் பயிற்சியை விட்டு வெளியேறியது. இந்த முறை தபால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஜலீல் என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பேச்சித்தாய்க்கு சஸ்பென்ஷன் ரத்து. வேறு தாலுகா விடுதிக்குப் போட்டிருக்கிறார்கள். குணசீலன் மீதும் கட்டில் சப்ளை செய்ததாக பில் போட்டவர் மீதும் விசாரணை. குணசீலன் மருத்துவ விடுப்பில் போய்விட்டார்.

மே 31, சனி

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்; ஓய்வுபெற அனுமதிக்கவில்லை. விசாரணை முடியும் வரை பென்ஷன் முழுதாகக் கிடைக்காது. மாலை இல்லை, டீ இல்லை. என் மேசையில் இருந்த டிபன் பாக்ஸையும் பைபிள் சங்கீதப் புத்தகத்தையும் ஜலீல் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். லில்லி அவனைச் சாப்பிடாமல் விடவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என்னிடமும் சரியாகப் பேசினாள். மெலிண்டாவின் கடனுக்கு, தன் வளையலை விற்றுவிடலாம் என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது போன். தெரியாத நம்பர். ஆண் குரல்.

"நீங்கதானே அந்த ஆடிட்டரு? நான் பேச்சித்தாய் வீட்டுக்காரன் பேசுதேன்."

"சொல்லுங்க."

"நீங்க எழுதிக் கொடுத்த தாள என் முன்னால வச்சிட்டு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் புது ஊருக்குப் போய்ட்டா. மூணு தடவ போயிட்டேன். வாசல்ல நிக்க வச்சே பேசி அனுப்புதா. வீட்டுக்கு வரமாட்டாளாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "படிச்சவரு நீங்க சொன்னா கேப்பா. ஒரு வார்த்த சொல்லுங்க சார். நான் தெரியாம செஞ்சதுன்னு."

லில்லி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பேச்ச விட்டுட்டு என் பேச்ச நம்பினதாலதான் உங்களுக்கு இந்த நிலைமை" என்றேன். "மறுபடியும் என்னைப் பேசச் சொல்லாதீங்க. நீங்களே போங்க. வாசல்ல நின்னாவது அவங்க சொல்றதக் கேளுங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.